உங்க சொந்த போன் நம்பர் என்னம்மா?

போனில் பேசுவதுதான் என் வேலை. கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே இருக்கிற ஓர் ஊரில், ஒரு ஸ்கேன் சென்டரின் அப்பாயின்ட்மென்ட் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. எங்கள் சென்டரில் அதிகம் நடப்பது மேமோகிராம், அதாவது மார்பகத்துக்கு எடுக்கிற எக்ஸ்ரே.

அனுபவம் இல்லாதவர்களுக்காக ஒரு வரி. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்திப் படம் எடுப்பார்கள். சில விநாடிகள் வலிக்கும், அவ்வளவுதான். அன்றைக்குப் பவுடர், சென்ட், அக்குளில் போடுகிற ஸ்ப்ரே எதுவும் போடாமல் வர வேண்டும். அதிலிருக்கும் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து, டாக்டரைத் தேவையில்லாமல் குழப்பும். கையால் தடவித் தெரியாத சின்னக் கட்டியைக்கூட இந்தப் படம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களையும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

வருகிறவர்களிடம் ஒரு படிவம் கொடுப்போம். அதில் 'உங்கள் இனம் எது?' என்று ஒரு கேள்வி. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு அதைப் படிக்கவே கூச்சமாக இருந்தது. ஊரில் சாதிச் சான்றிதழ் கேட்கிற ஜன்னல் ஞாபகம் வந்துவிடும். வெள்ளையர், கறுப்பினத்தவர், ஆசியர், அமெரிக்க இந்தியர் என்று கட்டங்கள். ஸ்பானிய வழி வந்த ஹிஸ்பானிக் குடும்பமா என்பது தனிக் கேள்வி. சீனப் பாட்டி, பிலிப்பைன்ஸ் நர்ஸ், வியட்நாம்காரம்மா, திருச்சிக்காரி நான், எல்லோரும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில். நம்மூரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்த பெரியவர்கள் 'அமெரிக்காவில் இருக்கிற இந்தியர்தானே நாம்' என்று 'அமெரிக்க இந்தியர்' கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். அது இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கான கட்டம். வாரத்துக்கு ஒருவருக்காவது திருத்திக் கொடுப்போம்.

எதற்கு இந்தக் கட்டம் என்பது எனக்கு 2020-க்குப் பிறகுதான் நன்றாகப் புரிந்தது.

அந்த வருடம் மார்ச் 16-ம் தேதி, எங்கள் பகுதியின் ஆறு கவுன்ட்டிகளிலும் மறுநாளிலிருந்து யாரும் வீட்டை விட்டு வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவசரமில்லாத சிகிச்சைகளைத் தள்ளிப்போடும்படி மத்திய அரசும் சொன்னது. மார்ச் கடைசி வாரத்தில், மார்பக ஸ்கேன் டாக்டர்களின் சங்கமும் வழக்கமான மேமோகிராம்களை ஒத்திவைக்கச் சொன்னது. அதில் தப்பு சொல்ல முடியாது. முகக்கவசம்கூடப் போதுமான அளவு இல்லாத நேரம். படம் எடுக்கிற பெண் நோயாளியின் தோளைப் பிடித்து, முகத்துக்கு முகம் நின்றுதான் எடுத்தாக வேண்டும்.

என்னை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி, தலையில் மாட்டுகிற ஹெட்போனைக் கொடுத்து அனுப்பினார்கள். அடுப்படி மேஜையில் உட்கார்ந்து, 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் ரத்தாகிறது, திறந்ததும் நாங்களே கூப்பிடுகிறோம்' என்று ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னேன். பாதிப் பேருக்கு நிம்மதி. 'நல்லவேளை, நானே சொல்லலாம்னு இருந்தேன்' என்றார்கள். அந்த ஏப்ரலில் அமெரிக்காவில் பல சென்டர்களில் வழக்கமான மேமோகிராம் நின்றே போனது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து கணக்கெடுத்த ஓர் ஆய்வு, முந்தைய ஏப்ரலில் நூறு பேர் வந்த இடத்துக்கு ஒருவர்தான் வந்தார் என்று பிறகு சொன்னது.

கடையை மூடுவது சுலபம். திறக்கும்போதுதான் யார் முதலில் உள்ளே வருகிறார்கள் என்று தெரிகிறது.

மே மாதக் கடைசியில் திறந்தோம். ஒருவர் போன பிறகு அறையைத் துடைத்துச் சுத்தம் செய்ய நேரம் விட வேண்டும், காத்திருக்கும் இடத்தில் பாதி நாற்காலிகளை எடுத்துவிட வேண்டும். அதனால் முன்பு இருந்த இடங்களில் பாதிகூட இல்லை. இருந்ததையும் முதலில் இணையத்தில்தான் திறந்துவிட்டார்கள். போனில் மெசேஜ் வரும், லிங்க்கைத் தட்டினால் காலண்டர் வரும், நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்குத் திறந்த காலண்டர் காலையில் நான் பார்க்கும்போது மூன்று வாரத்துக்கு நிரம்பிக் கிடக்கும். லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர்கள், ஆங்கிலம் சரளமாக இருக்கிறவர்கள், வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் காரில் வந்து போக முடிந்தவர்கள். அவர்கள் எந்த நிறத்திலும் இருந்தார்கள்தான். இருந்தாலும் ஒரு நிறத்தில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தார்கள்.

மெசேஜுக்குப் பதில் சொல்லாதவர்களின் பட்டியல் என்னிடம் வந்தது. 'ஒவ்வொருவராகக் கூப்பிடு' என்றார் மேலாளர். அந்தப் பட்டியலோடுதான் எனக்கு அடுத்த ஒன்றரை வருடம் போனது.

முதலில் தெரிந்துகொண்டது, நிறைய எண்கள் செத்துக் கிடந்தன. வீடு துப்புரவு செய்கிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், பணம் போட்டுப் பேசுகிற போன் வைத்திருந்தவர்கள். வேலை போனது, போனுக்குப் பணம் போடவில்லை, எண் போய்விட்டது. என்னோடு வேலை பார்க்கிற மெக்சிகோ வம்சாவளிப் பெண் ஸ்பானிய மொழிப் பட்டியலைப் பார்த்தாள். அவள் பிடித்த ஓர் அம்மா, ஒரே வாரத்தில் ஆறு வீட்டு வேலையும் போனதாகச் சொல்லியிருக்கிறார். இலவசமாக எடுக்கிற அரசுத் திட்டம் இருக்கிறது என்று இவள் எடுத்துச் சொல்ல, அந்த அம்மா பயந்து, 'எனக்கு எதுவும் வேண்டாம், என் பெயரை எடுத்துவிடு' என்றிருக்கிறார். பயத்துக்குக் காரணம் உண்டு. அரசு உதவி வாங்குகிறவர்களுக்கு கிரீன் கார்டு மறுக்கப்படலாம் என்ற விதி அந்த வருடம் பிப்ரவரி 24-ம் தேதிதான் கடுமையாக்கப்பட்டு அமலுக்கு வந்திருந்தது. மறு வருடம் மார்ச்சில் அது போய்விட்டது, பயம் போகவில்லை. எந்த உதவி அந்த விதியில் வருகிறது, எது வராது என்பதெல்லாம் வக்கீலுக்குத் தெரியும். ஆறு வீடு துடைக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சீனப் பாட்டிகள் கதை வேறு. அவர்களுக்கு பஸ் ஏறவே பயம். சீனாவிலிருந்து வந்த நோய் என்று அவர்களைத் தெருவில் திட்டினார்கள், தள்ளினார்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் காலை நடை போன 84 வயது தாய்லாந்துக்காரர் ஒருவரை ஓடிவந்து தள்ளிவிட்டதில் அவர் இறந்தே போனார். அந்தக் காட்சி எல்லார் போனிலும் ஓடியது. துணைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாலும், நோயாளியைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்பது அப்போதைய விதி. அப்போது யார் மொழிபெயர்ப்பது? போன் ஸ்பீக்கரில் எங்கோ இருக்கிற மொழிபெயர்ப்பாளர், இந்தப் பக்கம் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல், நடுவில் மேலாடை இல்லாமல் நிற்கிற எழுபது வயதுப் பாட்டி. ஒரு முறை வந்தவர் மறுமுறை தள்ளிப்போட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கறுப்பினப் பெண்களைப் பற்றி நான் நினைத்ததற்கு நேர்மாறாக நடந்தது. கூப்பிடுவதற்கு முன்னாலேயே கூப்பிட்டார்கள். ஓக்லண்ட் பக்கம் பஸ் ஓட்டுகிற ஒரு பெண், ஊரடங்கில் ஒரு நாள்கூட வீட்டில் இருக்காதவர். நான் வழக்கமான விளக்கத்தை ஆரம்பித்ததும் இடைமறித்து, 'என்னைச் சம்மதிக்க வைக்க வேண்டாம், எந்தத் தேதி என்று மட்டும் சொல்' என்றார். அம்மா நாற்பத்தாறு வயதில் இதே நோயில் போனவராம்.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அதில் இறப்பது சுமார் 40 சதவிகிதம் அதிகம். சாதாரண ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத, வேகமாகப் பரவுகிற 'டிரிபிள் நெகடிவ்' வகை அவர்களுக்கு இரண்டு மடங்கு அதிகமாக வருகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் என் கம்ப்யூட்டர் திரையிலேயே பார்த்தேன். அந்த பஸ் ஓட்டுநர் முதல் நாளே வந்து படம் எடுத்தார். சந்தேகமாக ஏதோ தெரிகிறது, மறுபடி வாருங்கள் என்றார்கள். இப்படி நூறில் பத்துப் பேரைக் கூப்பிடுவார்கள், முக்கால்வாசி ஒன்றும் இருக்காது. முதல் படத்துக்கு இன்ஷூரன்ஸ் முழுப் பணமும் கட்டும், இரண்டாவது பரிசோதனைக்கு அப்போது பலருக்குக் கைக்காசு போனது. அவருக்கு ஷிப்ட் மாற்றித் தர ஆளில்லை. பயாப்ஸிக்கு வேறு மருத்துவமனை, அங்கே வேறு வரிசை. ஆறு வாரம் ஆனது. நல்லவேளையாக ஒன்றுமில்லை என்று வந்தது. ஏதாவது இருந்திருந்தால், அந்த ஆறு வாரத்துக்கு அவர் என்ன செய்திருக்க முடியும்? முதல் கதவை அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து தட்டினார். அடுத்தடுத்த கதவுகள்தான் மெதுவாகத் திறந்தன.

நான் முன்பு சொன்ன ஆய்வு 2021-ல் வெளிவந்தது. அதை எங்கள் டாக்டர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் காட்டினார். 2020 ஜூலை வாக்கில் யார் எவ்வளவு பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கு. பழைய அளவை நூறு என்று வைத்தால் கறுப்பினப் பெண்கள் 96.7, வெள்ளையர் 92.9, ஹிஸ்பானிக் பெண்கள் 72.7. ஆசியப் பெண்கள் 51.3.

கடைசி வரியைப் பார்த்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். அமெரிக்காவில் அதிகம் படித்தவர்கள், அதிகம் சம்பாதிப்பவர்கள் என்று எல்லோரும் சொல்கிற கட்டம் அது. என்னுடைய கட்டம். பாதிப் பேர் வரவில்லை.

எல்லா ஊரிலும் இதே வரிசைதான் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்திலேயே வாஷிங்டன் மாநிலத்தில் 2020 ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை கணக்கெடுத்தபோது வெள்ளையரிடம் 49 சதவிகிதச் சரிவு, ஹிஸ்பானிக் பெண்களிடம் 64, பூர்வகுடிப் பெண்களிடம் 61. ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு 1991 முதல் நடத்துகிற இலவசப் பரிசோதனைத் திட்டத்தில், 2020 ஏப்ரலில் மொத்தச் சரிவு 87 சதவிகிதம், பூர்வகுடிப் பெண்களிடம் மட்டும் 98. கட்டத்தில் எழுதியிருக்கிற நிறம் யாரையும் தடுப்பதில்லை என்பது என் எண்ணம். அந்த நிறத்துக்காரர்களுக்கு அந்த ஊரில் என்ன வேலை கிடைக்கிறது, யார் வீட்டில் கார் இருக்கிறது, யாருடைய மொழியில் மெசேஜ் போகிறது, அதுதான் தடுக்கிறது. ஆனால் கட்டம் இல்லையென்றால் 51.3 என்ற எண் யார் கண்ணிலும் பட்டிருக்காது. படிவத்தைப் பார்த்து இப்போது நான் கூச்சப்படுவதில்லை.

நம்மவர்கள் ஏன் வரவில்லை? சீனப் பாட்டிகளைப் போல பஸ் பயமா? எனக்குத் தெரிந்த தமிழ், தெலுங்கு, குஜராத்தி வீடுகளில் அது இல்லை. வாசலில் இரண்டு கார் நிற்கும். என் பட்டியலில் இருந்த நம்மூர் அம்மாக்களின் பெயருக்கு நேரே இருந்த போன் எண்களைக் கூப்பிட்டேன். எடுத்தவர்கள் எல்லாம் ஆண்கள். பையன், மாப்பிள்ளை, சில வீட்டில் கணவர்.

அமெரிக்கா வந்ததும் அம்மாவுக்கான எல்லாப் படிவத்தையும் பையன்தான் நிரப்புவான். எண் கேட்டால் தன் எண்ணைப் போட்டுவிடுவான். அன்பில்தான் செய்கிறான், அவன்தானே கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஆனால் நோயாளி அல்லாதவரிடம் என்ன பரிசோதனை என்று நான் வாயைத் திறக்க முடியாது, சட்டம் அப்படி. 'உங்கள் அம்மா எங்களைக் கூப்பிட வேண்டும்' என்று மட்டும் சொல்லலாம். வீட்டிலிருந்தே மூன்று மீட்டிங், ஹாலில் ஆன்லைன் வகுப்பில் குழந்தைகள் என்று இருக்கிறவனுக்கு அது எத்தனை நாள் ஞாபகத்தில் இருக்கும்? பல முறை வாய்ஸ் மெயிலோடு முடிந்துவிடும்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது வயது 63. வாழ்க்கையில் முதல் மேமோகிராமுக்கு 2020 ஏப்ரல் 9-ம் தேதி நேரம் வாங்கியிருந்தார், அது ரத்தானது. பையன் எண்ணில் எங்கள் சென்டரிலிருந்து நான்கு முறை வாய்ஸ் மெயில் போயிருக்கிறது. 2021 ஜனவரியில் இன்னொரு தாமதம். தடுப்பூசி போட்டால் சிலருக்கு அக்குளில் நெறி கட்டும், அது படத்தில் நோய் போலத் தெரியலாம், அதனால் ஊசிக்கு முன்பே எடுங்கள் அல்லது நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து எடுங்கள் என்றார்கள். (பிறகு, தள்ளிப்போட வேண்டாம் என்று மாற்றிவிட்டார்கள்.) ஊசி முக்கியம் என்று வீட்டில் எல்லோரும் அதை முதலில் போட்டுக்கொண்டார்கள்.

2021 செப்டம்பரில் அவர் மருமகளோடு எங்கள் சென்டருக்கு வந்தார். வழக்கமான படத்துக்கு அல்ல. துணி மடிக்கும்போது மாமியார் இடது கையைத் தூக்கச் சிரமப்படுவதைப் பார்த்து, மருமகள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கிறாள். கட்டி இருப்பது அந்த அம்மாவுக்கு ஐந்து மாதமாகத் தெரியும்.

நான் அன்றைக்கு ரிசப்ஷனில் இருந்தேன். தமிழில் பேசியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பையன்கிட்ட இதையெல்லாம் எப்படி கண்ணு சொல்றது? அவனுக்கே வேல போயிருமோன்னு பயம். ஊருக்குப் போயி காட்டிக்கலாம்னு இருந்தேன். ஃப்ளைட்டு விடலியே."

"மருமகள்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா அவ அவன்கிட்ட சொல்லுவாளே."

நோய் அக்குள் நெறி வரை போயிருந்தது. கீமோ, அறுவை சிகிச்சை, கதிர் வைத்தியம் என்று ஒரு வருடம் ஆனது. முடி கொட்டியபோது அந்தப் பையனும் மொட்டை போட்டுக்கொண்டான். அவன் ஒரு நாள் தனியாக வந்து என்னிடம், 'ஏப்ரல்லயே எடுத்திருந்தா சின்னதா இருந்திருக்குமா?' என்று கேட்டான். அதை யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். அது உண்மை. ஒரு தனி மனுஷிக்கு இவ்வளவு மாதத்துக்கு இவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட முடியாது. நாட்டுக்கு மொத்தமாகத்தான் போட முடியும். அப்போதைய தேசியப் புற்றுநோய் நிறுவன இயக்குநர் நார்மன் ஷார்ப்லெஸ் 2020 ஜூனிலேயே போட்டார். மார்பக, குடல் புற்றுநோய்களால் அடுத்த பத்து வருடத்தில் சுமார் 10,000 பேர் கூடுதலாக இறக்கலாம் என்று. அந்தப் பத்து வருடம் இன்னும் முடியவில்லை.

எங்கள் சென்டரில் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். இணையத்தில் திறப்பதற்கு முன் இடங்களில் ஒரு பகுதியைப் போன் பட்டியலுக்கு ஒதுக்கிவைக்கிறோம். படிவத்தில் தொடர்பு எண்ணுக்குக் கீழே, 'இது நீங்களே எடுக்கிற எண்ணா?' என்று கேட்கிறோம். என்ன மொழியில் பேச வேண்டும் என்றும் கேட்கிறோம். இந்தக் கேள்விகளைச் சேர்க்க நாலு கூட்டம் போட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

2024 ஏப்ரலில் அரசின் நிபுணர் குழு, 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேமோகிராம் என்று மாற்றிவிட்டது. முன்பு 50-லிருந்துதான் எல்லோருக்கும் என்று சொன்னார்கள். கறுப்பினப் பெண்கள் இளம் வயதிலேயே இறப்பதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். அதே வருடம் செப்டம்பரிலிருந்து, மார்பகத் திசு அடர்த்தியாக இருந்தால் அதை நோயாளிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது நாடு முழுக்கக் கட்டாயம். அடர்த்தியான திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஆசியப் பெண்களுக்கு இது அதிகம். அந்தக் கடிதம் வந்து பயந்து என்னைக் கூப்பிடுகிற நம்மூர்ப் பெண்கள் நிறைய. நோய் என்று அர்த்தமில்லை, கூடுதலாக ஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்வேன்.

கோபி அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். சொந்தமாக போன் வாங்கியாயிற்று. வருடா வருடம் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டுவிடுவார். போன மாதம் கூப்பிட்டபோது, பார்க்கில் கூட நடக்கிற இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் கேட்டார். ஒருவர் பஞ்சாபிக்காரம்மா, ஒருவர் ஆந்திரா. யார் யார் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்களோ தெரியவில்லை.

"அவங்க நம்பரைக் கொடுங்கம்மா" என்றேன்.

"அவங்ககிட்ட ஏது கண்ணு நம்பரு, மகன் நம்பருதான் இருக்குது. நீ என் நம்பரையே போட்டுக்க. நான் கூட்டிட்டு வந்துர்றேன்."